கப்பல்களுக்குத் தூய எரிபொருள்: தொழில்துறையின் கூட்டு முயற்சிகள்

கடல்வழிச் சரக்குப் போக்குவரத்தில் இன்று எரிக்கப்படும் கன எண்ணெய்க்குப் பதிலாக மெத்தனால், அம்மோனியா, உயிரி எரிபொருள், உயிரி மீத்தேன், ஹைட்ரஜன் போன்றவற்றைக் கொண்டுவரும் பொருட்டு, கப்பல் நிறுவனங்கள், இயந்திரம் செய்வோர், எரிபொருள் உற்பத்தியாளர்கள், துறைமுகங்கள், வங்கிகள், சரக்கு அனுப்புவோர் ஆகியோர் சேர்ந்து செய்யும் பணிகளே இக்கட்டுரையின் பொருள். சந்தையில் போட்டியாளர்களாக இருப்பவர்கள் இதில் மட்டும் ஏன் ஒன்றுசேர வேண்டியிருக்கிறது, சேர்ந்து எதைச் செய்து முடித்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்பவை கீழே விளக்கப்படுகின்றன.

பின்னணி

உலக வணிகச் சரக்கில், அளவின்படி பார்த்தால், 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியாகச் செல்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்ல ஆகும் எரிபொருளை வைத்துக் கணக்கிட்டால், லாரியும் விமானமும் பெரிய கப்பலுக்கு அருகில்கூட வர முடியாது. ஆயினும் சரக்கின் மொத்த அளவு மிகப் பெரியது என்பதால் புகையின் மொத்த அளவும் பெரியதாகிறது. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா. அமைப்பான பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு (ஐ.எம்.ஓ.) 2020-இல் வெளியிட்ட நான்காவது ஆய்வின்படி, 2018-ஆம் ஆண்டில் கப்பல்கள் வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்கள் 107.6 கோடி டன். மனிதச் செயல்களால் உண்டாகும் மொத்த வெளியீட்டில் இது 2.89 விழுக்காடு. ஜெர்மனி என்ற ஒரு முழு நாட்டின் ஆண்டு வெளியீட்டைவிட இது அதிகம்.

கப்பல் எரிபொருளைத் துறையில் 'பங்கர்' என்பார்கள். நீராவிக் கப்பல்களில் நிலக்கரி கொட்டி வைத்த அறையின் பெயர் அது. நிலக்கரி போய் எண்ணெய் வந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. கன எண்ணெய் என்பது கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் பிரித்தெடுத்த பின் அடியில் தங்கும் கசடு. கறுத்து, தார்போலக் குழைந்து இருக்கும். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். சுத்திகரிப்பு ஆலைக்கு அது தள்ளிவிட வேண்டிய பொருள், கப்பலுக்கோ மலிவான பொருள். இருவருக்கும் வசதியான இந்த ஏற்பாடுதான் பல பத்தாண்டுகள் நீடித்தது. புதிய எரிபொருள் எதுவானாலும் இந்த மலிவோடு போட்டியிட வேண்டும் என்பதே பிரச்சினையின் வேர்.

ஏன் தனித்துச் செய்ய முடியாது

"பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்" என்று ஒரு பழமொழி உண்டு. கப்பல் எரிபொருளின் நிலை ஏறக்குறைய அதுதான். புதிய எரிபொருளில் ஓடும் கப்பலை ஒருவர் வாங்கினால், அந்த எரிபொருள் எந்தத் துறைமுகத்தில் கிடைக்கும் என்று கேட்பார். துறைமுகமோ, அதை நிரப்பிக்கொள்ள எத்தனை கப்பல்கள் வரும் என்று கேட்கும். எரிபொருள் ஆலை கட்ட நினைப்பவருக்கு வங்கி கடன் தர வேண்டுமானால், பத்து ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாக யாராவது ஒப்பந்தம் போட வேண்டும். அவ்வளவு விலைக்கு ஒப்பந்தம் போடும் கப்பல் நிறுவனத்துக்கு, கூடுதல் வாடகையைத் தரும் சரக்கு உரிமையாளர் வேண்டும். ஒவ்வொருவரும் மற்றவரின் முதல் அடிக்காகக் காத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஒரு கப்பல் 20 முதல் 25 ஆண்டுகள் வரை, சில நேரம் அதற்கும் மேல் ஓடும். இன்று தவறான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் பலனை 2050 வரை சுமக்க வேண்டும். அதோடு, பல கப்பல்களில் கப்பலை வாங்குபவர் ஒருவர், குத்தகைக்கு எடுத்து எரிபொருள் செலவைக் கட்டுபவர் வேறொருவர். சிக்கனமான இயந்திரத்துக்கு முதல் போடுபவருக்கு அதன் லாபம் வந்து சேருவதில்லை. வாடகை வீட்டில் நல்ல மின்விசிறி போட வீட்டுக்காரர் தயங்குவதற்கும் இதே காரணம்தான்.

கந்தகக் கட்டுப்பாடு தந்த அனுபவம்

தூய எரிபொருள் என்றதும் காலநிலை மாற்றம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஆனால் முதலில் வந்தது கந்தகம். கன எண்ணெயில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக ஆக்சைடாகி, துறைமுக நகரங்களில் வாழ்வோரின் நுரையீரலைக் கெடுத்தது, மழையை அமிலமாக்கியது. ஐ.எம்.ஓ.வின் மார்ப்போல் உடன்படிக்கையின் ஆறாம் இணைப்பு இதைக் கட்டுப்படுத்துகிறது. இது 1997-இல் ஏற்கப்பட்டு 2005-இல் நடைமுறைக்கு வந்தது. 2020 ஜனவரி 1 முதல் உலகக் கடல்கள் அனைத்திலும் எரிபொருளின் கந்தக அளவு 3.50 விழுக்காட்டிலிருந்து 0.50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரையோரம் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015 முதலே 0.10 விழுக்காடுதான் வரம்பு.

இங்கே நடந்த ஒரு கூட்டு முயற்சி கவனிக்கத்தக்கது. நடுக்கடலில் ஒரு கப்பல் எந்த எண்ணெயை எரிக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? மலிவான எண்ணெயை எரித்து ஏமாற்றுபவருக்கு ஒரே பயணத்தில் பெரும் பணம் மிச்சமாகும். விதியை மதிப்பவர் நட்டப்படுவார். எனவே 2014-இல் சில கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து டிரைடென்ட் கூட்டணியை அமைத்தன. அவர்கள் கேட்டது சலுகை அல்ல. கந்தக விதியைக் கண்டிப்பாக அமல்படுத்துங்கள், ஏமாற்றுபவர்களைப் பிடியுங்கள் என்றுதான் அரசுகளிடம் கேட்டார்கள். தங்கள் மீதே காவலை அதிகப்படுத்தச் சொல்லி ஒரு தொழில்துறை கேட்பது அரிது. பின்னர், புகையைக் கழுவும் 'ஸ்க்ரப்பர்' கருவி இல்லாத கப்பல்கள் அதிகக் கந்தக எண்ணெயை எரிபொருளாகச் சுமந்து செல்வதே 2020 மார்ச் 1 முதல் தடை செய்யப்பட்டது. நடுக்கடலில் பிடிக்க வேண்டியதில்லை, துறைமுகத்தில் தொட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே அளவில், சரிபார்க்கக்கூடிய விதி வந்தால் இத்துறை மாறும் என்பதற்கு இது சான்று. கார்பன் விஷயத்தில் அப்படிப்பட்ட விதி இன்னும் வரவில்லை.

போட்டியிலுள்ள எரிபொருள்கள்

திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) இவற்றில் மூத்தது. நார்வேயில் 2000-ஆம் ஆண்டிலேயே குளூத்ரா என்ற பயணிப் படகு இதில் ஓடத் தொடங்கியது. கந்தகம் ஏறக்குறைய இல்லை, கார்பன் டை ஆக்சைடும் குறைவு. ஆனால் இது மீத்தேன். இயந்திரத்தில் எரியாமல் நழுவிப் போகும் சிறு பங்குகூட 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பமூட்டும். மேலும் இது புதைபடிவ எரிபொருள்தான். சாணம், உணவுக் கழிவு, கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் உயிரி மீத்தேனை அதே தொட்டியில் நிரப்பலாம் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம்.

மெத்தனால் சாதாரண வெப்பநிலையில் திரவமாக இருப்பதால் கையாள எளிது. ஸ்டெனா ஜெர்மானிகா என்ற படகு 2015-இல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டு, சுவீடனின் கோத்தன்பர்க்கிற்கும் ஜெர்மனியின் கீல் நகருக்கும் இடையே ஓடியது. குறை என்னவென்றால், ஒரு லிட்டர் மெத்தனாலில் உள்ள ஆற்றல் கப்பல் டீசலில் உள்ளதில் பாதிகூட இல்லை. அதே தூரம் போக இரண்டரை மடங்கு அளவுக்குத் தொட்டி வேண்டும். அந்த இடத்தில் சரக்கு ஏற்ற முடியாது. இன்று உலகில் செய்யப்படும் மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் இருந்து வருவது. அதை எரித்தால் காலநிலைக்கு நன்மை ஏதுமில்லை. உயிரிக் கழிவிலிருந்தோ, காற்றாலை மின்சாரத்தால் பிரித்த ஹைட்ரஜனோடு உயிரி மூலத்திலிருந்து பிடித்த கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தோ செய்தால்தான் அது பசுமை மெத்தனால். இரண்டும் ஒரே திரவம், சோதனைக் குழாயில் வேறுபாடு தெரியாது. எனவே சான்றிதழ் முறையை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது.

அம்மோனியாவில் கார்பனே இல்லை. −33 பாகையில் திரவமாகிவிடும். உர ஆலைகளுக்காக ஏற்கெனவே கப்பல்களில் கொண்டு செல்லப்படுகிறது. இவ்வளவு நல்ல பக்கங்கள் இருந்தும் அது நச்சு வாயு. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்தான நிலை என்று தொழிற்பாதுகாப்பு அளவுகோல் சொல்கிறது. வடசென்னை எண்ணூரில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் உள்ளிட்ட மீனவக் கிராமத்து மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமாக இரவோடு இரவாக வீட்டை விட்டு ஓடினார்கள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியாவை ஒவ்வொரு துறைமுகத்திலும் எரிபொருளாக நிரப்பப் போகிறோம் என்று சொல்லும்போது, துறைமுகத்தை ஒட்டி வாழ்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி எதுவாக இருக்கும் என்பதை இந்த இரவு காட்டிவிட்டது. இன்னொரு சிக்கல், எரியும்போது உண்டாகக்கூடிய நைட்ரஸ் ஆக்சைடு. அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு.

ஹைட்ரஜனை −253 பாகைக்குக் குளிர்வித்தால்தான் திரவமாகும். நெடும்பயணக் கப்பல்களுக்கு அது இப்போதைக்குத் தொலைவில்தான் இருக்கிறது.

ஒரு கப்பலின் கதை: லாரா மார்ஸ்க்

2021-இல் டென்மார்க்கின் மார்ஸ்க் நிறுவனம் மெத்தனாலில் ஓடக்கூடிய கொள்கலன் கப்பல் ஒன்றுக்குத் தென்கொரியக் கப்பல்கட்டும் தளத்தில் ஆணை கொடுத்தது. அடுத்த மாதமே 16,000 கொள்கலன் கொள்ளளவுள்ள எட்டுப் பெரிய கப்பல்களுக்கும் ஆணை போனது. அப்போது அவற்றுக்கு வேண்டிய பசுமை மெத்தனால் உலகில் எங்கும் தேவையான அளவில் உற்பத்தியாகவில்லை. மேற்சொன்ன பழமொழியின் சுழலை யாராவது அறுக்க வேண்டும் என்று அந்த நிறுவனம் கணக்குப் போட்டது. அதற்கான பணமும் அதனிடம் இருந்தது.

சுமார் 2,100 கொள்கலன்கள் ஏற்றும் சிறிய கப்பலான லாரா மார்ஸ்க் 2023 ஜூலையில் தென்கொரியாவின் உல்சான் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 21,500 கிலோமீட்டர் கடந்து கோபன்ஹேகனை அடைந்தது. வழியில் சிங்கப்பூரில் அதற்கு மெத்தனால் நிரப்பப்பட்டது. உலகிலேயே அதிக அளவு பங்கர் விற்கும் துறைமுகம் சிங்கப்பூர். 2024-இல் மட்டும் சுமார் 5.49 கோடி டன் விற்றது. அங்கே சில நூறு டன் மெத்தனால் என்பது கடலில் கரைத்த பெருங்காயம். ஆனால் அந்தச் சில நூறு டன்னுக்காகத் துறைமுக ஆணையம், எரிபொருள் வழங்குநர், வகைப்பாட்டுச் சங்கம், தீயணைப்புத் துறை எல்லோரும் உட்கார்ந்து நடைமுறை எழுதினார்கள். குழாய் எப்படி இணைப்பது, கசிந்தால் யார் என்ன செய்வது, அளவை எப்படிச் சரிபார்ப்பது என்பன முதல்முறை எழுதப்பட்டன. இரண்டாவது கப்பலுக்கு அந்த வேலை மிச்சம். கூட்டு முயற்சியின் பலன் பெரும்பாலும் இப்படி, வெளியே தெரியாத காகிதங்களில்தான் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லெயன் அக்கப்பலுக்குப் பெயர் சூட்டினார்.

எரிபொருள் பக்கம் கதை அவ்வளவு சீராகப் போகவில்லை. டென்மார்க்கின் காசோ என்ற இடத்தில் யூரோப்பியன் எனர்ஜியும் ஜப்பானின் மிட்சுயியும் சேர்ந்து கட்டிய மெத்தனால் ஆலை 2025 மே மாதம் திறக்கப்பட்டது. அதன் ஆண்டுத் திறன் 42,000 டன். மார்ஸ்க் மட்டுமன்றி, பொம்மை செய்யும் லெகோவும் மருந்து செய்யும் நோவோ நோர்டிஸ்க்கும் அங்கே வாங்கும் ஒப்பந்தம் போட்டன. நெகிழிக்கும் மெத்தனால் மூலப்பொருள். கப்பல் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத இருவர் சேர்ந்ததால் ஆலைக்கு வாங்குவோர் பரந்தனர். ஆனால் 16,000 கொள்கலன் கப்பல் ஒன்றே ஆண்டுக்குச் சுமார் 35,000 முதல் 40,000 டன் மெத்தனால் குடிக்கும். அதாவது ஓர் ஆலை, ஒரு கப்பல்.

சுவீடனில் ஓர்ஸ்டெட் நிறுவனம் கட்டத் தொடங்கிய, ஆண்டுக்கு 50,000 டன் திறனுள்ள ஆலை 2024 ஆகஸ்டில் பாதியிலேயே கைவிடப்பட்டது. கட்டுப்படியாகும் விலையில் நீண்டகாலத்துக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை என்பது அதன் காரணம். அதே மாதம் மார்ஸ்க், எல்.என்.ஜி.யிலும் ஓடக்கூடிய கப்பல்களை வாங்கப்போவதாக அறிவித்தது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில், சீனாவின் கோல்ட்விண்ட் நிறுவனத்தோடு ஆண்டுக்கு 5 லட்சம் டன் பசுமை மெத்தனாலுக்கு அது ஒப்பந்தம் செய்திருந்தது. ஒரே குதிரையில் பணம் கட்டுவதை அந்நிறுவனம் நிறுத்திவிட்டது என்று இதைப் படிக்கலாம்.

கூட்டமைப்புகளும் ஆய்வு மையங்களும்

2019 செப்டம்பரில் நியூயார்க்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டின்போது 'கெட்டிங் டு ஜீரோ' கூட்டணி தொடங்கப்பட்டது. 2030-க்குள் கார்பன் வெளியிடாத ஆழ்கடல் கப்பல்கள் வணிக முறையில் ஓட வேண்டும் என்பது அதன் இலக்கு. அதே ஆண்டு வங்கிகள் பொசைடன் கோட்பாடுகள் என்ற உடன்பாட்டைச் செய்து, தாம் கடன் கொடுத்த கப்பல்களின் கார்பன் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட ஒப்புக்கொண்டன.

கோபன்ஹேகனில் 2020-இல் ஏ.பி. மோலர் அறக்கட்டளையின் 40 கோடி டேனிஷ் குரோனர் நன்கொடையுடன் தொடங்கிய மார்ஸ்க் மெக்-கின்னி மோலர் மையம் ஒரு புதுமையான ஏற்பாடு. அதன் தொடக்கப் பங்காளிகளில் ஜப்பானின் என்.ஒய்.கே., தானிய வணிகம் செய்யும் கார்கில், இயந்திரம் செய்யும் மேன் எனர்ஜி சொல்யூஷன்ஸ், மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆகியோர் இருந்தனர். போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆய்வு செய்கிறார்கள். விலையைப் பற்றி மட்டும் அங்கே பேச முடியாது. போட்டியாளர்கள் கூடி விலை பேசினால் அது போட்டிச் சட்டத்தின்படி குற்றமாகும். பாதுகாப்பு விதி, தொட்டி வடிவமைப்பு, நச்சு வாயுக் கசிவு ஆய்வு போன்றவை யாருக்கும் தனி லாபம் தராதவை. பகிர்ந்துகொள்ளத் தடையும் இல்லை.

சிங்கப்பூரில் 2021-இல் தொடங்கிய உலகக் கடல்சார் கார்பன் நீக்க மையம் சோதனைகளில் கவனம் செலுத்துகிறது. 2024 செப்டம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் டாம்பியர் துறைமுகப் பகுதியில் இரண்டு கப்பல்களுக்கிடையே 4,000 கன மீட்டர் அம்மோனியாவை மாற்றிக் காட்டியது. இரும்புத் தாது ஏற்றவரும் கப்பல்களுக்கு அங்கேயே அம்மோனியா நிரப்ப முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஜப்பானில் என்.ஒய்.கே.யின் சாகிகாகே என்ற இழுவைக் கப்பல் அம்மோனியா எரித்து யோகோஹாமா துறைமுகத்தில் வேலை செய்யத் தொடங்கியது. அது 2015-இல் எல்.என்.ஜி. கப்பலாகக் கட்டப்பட்டு, பின்னர் இயந்திரம் மாற்றப்பட்டது.

கைநழுவிய 2 டாலர்

கூட்டு முயற்சிகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. 2019 டிசம்பரில் உலகின் முக்கியக் கப்பல் உரிமையாளர் சங்கங்கள் சேர்ந்து ஐ.எம்.ஓ.விடம் ஒரு திட்டத்தை வைத்தன. கப்பல்கள் வாங்கும் ஒவ்வொரு டன் எரிபொருளுக்கும் 2 டாலர் கட்டாயமாகச் செலுத்தி, பத்தாண்டுகளில் சுமார் 500 கோடி டாலர் சேர்த்து, அதைத் தூய எரிபொருள் ஆராய்ச்சிக்குச் செலவிடலாம் என்றன. டன்னுக்குப் பல நூறு டாலர் விலையுள்ள பொருளில் 2 டாலர் என்பது நாள்தோறும் ஏறி இறங்கும் விலையிலேயே தொலைந்து போகும் தொகை.

திட்டம் ஏற்கப்படவில்லை. தொழில்துறை நடத்தும் நிதிக்கு யார் பொறுப்பு, வளரும் நாடுகளுக்கு என்ன கிடைக்கும், உண்மையான கார்பன் விலையைத் தள்ளிப்போட இது ஒரு தந்திரமா என்றெல்லாம் கேள்விகள் எழுந்தன. அவற்றில் நியாயமும் இருந்தது. 2022-இல் அத்திட்டம் ஓரங்கட்டப்பட்டது. ஆராய்ச்சி நிதியும் வரவில்லை, கார்பன் விலையும் வரவில்லை.

சரக்கு அனுப்புவோரின் கூட்டு வாங்கல்

கூடுதல் செலவை யார் தாங்குவது? ஒரு கொள்கலனில் 10,000 சோடிக் காலணிகள் இருப்பதாகவும், தூய எரிபொருளால் அதன் கட்டணம் 500 டாலர் கூடுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஒரு சோடிக்கு 5 சென்ட்தான் கூடும். கடையில் வாங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கப்பல் நிறுவனம் அந்த 500 டாலரைத் தனியாகக் கேட்டால், வாடிக்கையாளர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுவார். சுமை நுகர்வோருக்கு அற்பம், நடுவில் நிற்பவருக்கு மரண அடி. இரும்புத் தாது, நிலக்கரி, நெல் போன்ற மலிவான மொத்தச் சரக்குக்கு இந்தக் கணக்கு இவ்வளவு இனிமையாக இராது என்பதையும் சொல்ல வேண்டும்.

அமேசான், பட்டகோனியா, ஜெர்மன் காப்பி நிறுவனமான சிபோ ஆகியவை 2023-இல் தொடங்கிய 'செம்பா' என்ற வாங்குவோர் கூட்டணி இந்த இடைவெளியை நிரப்ப முயல்கிறது. பல நிறுவனங்கள் தம் தேவையை ஒன்றாகச் சேர்த்து ஏலம் விடுகின்றன. 2024-இல் முதல் ஏலத்தை ஜெர்மனியின் ஹபாக்-லாய்ட் எடுத்தது. சிங்கப்பூர்–ராட்டர்டாம் வழியில் கழிவிலிருந்து செய்த உயிரி மீத்தேனில் கப்பல் ஓட்டுவதாக ஒப்புக்கொண்டது. பணம் கொடுத்தவரின் பெட்டி அதே கப்பலில் போக வேண்டும் என்பதில்லை. தூய எரிபொருள் எரிந்த கணக்கு அவர் பெயரில் எழுதப்படும். காற்றாலை மின்சாரம் வாங்கும் ஆலைக்கு அதே காற்றாலையின் மின்சாரம்தான் வருகிறது என்று யாரும் சொல்ல முடியாதல்லவா, அதுபோலத்தான். ஆயினும் ஒரே டன்னை இருவர் கணக்கில் எழுதாமல் பார்த்துக்கொள்ள நம்பகமான பதிவேடு வேண்டும்.

பசுமைக் கடல்வழிகள்

உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் புதிய எரிபொருளைக் கொண்டுவர முடியாது. இரண்டு துறைமுகங்களுக்கு இடையே கொண்டுவரலாம். இந்த எளிய எண்ணமே பசுமைக் கடல்வழி. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் 22 நாடுகள் கிளைட்பேங்க் அறிக்கையில் கையெழுத்திட்டன. ஷாங்காய்–லாஸ் ஏஞ்சலஸ் வழியும் ராட்டர்டாம்–சிங்கப்பூர் வழியும் 2022-இல் அறிவிக்கப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து கிழக்காசியாவுக்கு இரும்புத் தாது செல்லும் வழிக்காகச் சுரங்க நிறுவனங்களான பி.எச்.பி.யும் ரியோ டின்டோவும், கப்பல் நிறுவனங்கள் இரண்டும் அதே ஆண்டு கைகோத்தன. அறிவிப்புகள் பல, கூடுதல் செலவை யார் கட்டுவது என்று எழுத்தில் தீர்த்துக்கொண்ட வழிகள் மிகக் குறைவு.

இந்தியாவில் காண்ட்லா–தூத்துக்குடி கடலோரப் பசுமை வழி திட்டமிடப்பட்டுள்ளது. அதற்காகத் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று, 750 கன மீட்டர் கொள்ளளவுள்ள பசுமை மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அன்றே மணிக்கு 10 கன மீட்டர் பசுமை ஹைட்ரஜன் செய்யும் முன்னோடி ஆலையும் திறக்கப்பட்டது. இந்தியத் துறைமுகம் ஒன்றில் இதுவே முதல். இப்போதைக்கு அந்த ஹைட்ரஜன் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின்வாகன மின்னேற்ற நிலையத்துக்கும்தான் போதும். வெயிலும் காற்றும் ஒருசேரக் கிடைக்கும் தென்தமிழகக் கரையில், ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடைப்பட்ட கப்பல் பாதைக்கு அருகில், இத்தொழில் வேர்பிடிக்க வாய்ப்பு உண்டு. 1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கியபோது, எதிர்த் தரப்பு ஆங்கிலேய நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தே அதை நசுக்கப் பார்த்தது. விலையில் தோற்கும் கப்பல் தொழில் எப்படித் திணறும் என்பதை அந்த ஊர் முன்பே பார்த்திருக்கிறது.

விதிகளின் நிலை

ஐரோப்பிய ஒன்றியம் தனியாக முன்னே போனது. 2024 முதல் அதன் கார்பன் வணிகத் திட்டத்தில் கப்பல்கள் சேர்க்கப்பட்டன. 2024 வெளியீட்டில் 40, 2025-இல் 70, 2026 முதல் 100 விழுக்காட்டுக்குப் பணம் கட்ட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அங்கு நடப்பிலுள்ள மற்றொரு விதி, கப்பல் பயன்படுத்தும் ஆற்றலின் கார்பன் செறிவை 2025-இல் 2 விழுக்காடும், 2030-இல் 6 விழுக்காடும், படிப்படியாக 2050-இல் 80 விழுக்காடும் குறைக்கச் சொல்கிறது. இவ்விதியில் கூட்டுக்கு வாசல் வைத்திருக்கிறார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் கப்பல்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து சராசரியைக் காட்டலாம். ஒரு கப்பல் தூய எரிபொருளால் இலக்கைத் தாண்டிச் சாதித்தால், அந்த உபரியைப் பழைய கப்பல் வைத்திருப்பவர் விலை கொடுத்து வாங்கித் தண்டத்திலிருந்து தப்பலாம். தனக்குத் தேவைப்படும் அளவுக்கு மேல் தூய எரிபொருள் எரிக்க முதன்முறையாக ஒரு பணக் காரணம் கிடைத்தது.

உலக அளவில், 2023 ஜூலையில் ஐ.எம்.ஓ. தன் இலக்கை மாற்றியமைத்தது: 2050-ஐ ஒட்டி நிகர பூச்சியம், 2030-க்குள் கப்பல் ஆற்றலில் குறைந்தது 5 விழுக்காடு கார்பனற்ற அல்லது ஏறக்குறைய கார்பனற்ற மூலங்களிலிருந்து. இதை நிறைவேற்ற, இலக்கைத் தவறவிடும் கப்பல்கள் டன்னுக்கு 100 அல்லது 380 டாலர் கட்டும் திட்டம் 2025 ஏப்ரலில் 63 நாடுகளின் ஆதரவு, 16 நாடுகளின் எதிர்ப்பு என்ற வாக்கில் ஒப்புதல் பெற்றது. அக்டோபரில் அதை முறையாக ஏற்கக் கூடிய கூட்டத்தில் அமெரிக்கா கடுமையாக எதிர்த்தது. சவூதி அரேபியா கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 57-க்கு 49 என்ற வாக்கில் கூட்டம் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. கப்பல் உரிமையாளர்களின் பன்னாட்டுச் சங்கமே ஏமாற்றம் தெரிவித்தது. தங்களுக்குப் புதுச் செலவு வைக்கும் விதி தள்ளிப்போனதற்கு அவர்கள் ஏன் வருந்த வேண்டும் என்று தோன்றலாம். ஒவ்வொரு கண்டத்திலும் ஒரு விதி, எந்த இயந்திரம் வாங்குவது என்று தெரியாத நிலை ஆகியவை அவர்களுக்கு அதைவிடப் பெரிய செலவு.

கப்பலில் வேலை செய்வோர்

இந்தப் பேச்சுகளில் கடைசியில் நினைக்கப்படுபவர்கள் மாலுமிகள். மெத்தனால் தீச்சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அம்மோனியாக் குழாயின் ஓர் இணைப்பு கசிந்தால், நடுக்கடலில் இயந்திர அறையில் இருப்பவருக்கு எண்ணூர் மக்களைப்போல ஓடித் தப்ப இடமில்லை. கப்பல் உரிமையாளர் சங்கமும் போக்குவரத்துத் தொழிலாளர் பன்னாட்டுக் கூட்டமைப்பும் ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து 2021-இல் ஒரு செயற்குழுவை அமைத்தன. முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஒரே பக்கம் உட்கார்ந்த இந்தக் குழுவுக்காக 2022-இல் செய்யப்பட்ட ஆய்வு, 2030-களின் நடுப்பகுதிக்குள் 8 லட்சம் மாலுமிகள் வரை புதிதாகப் பயிற்சி பெற வேண்டியிருக்கலாம் என்று கணக்கிட்டது. கப்பலில் அம்மோனியாவை எரிபொருளாகப் பயன்படுத்துவதற்கான இடைக்கால வழிகாட்டுதல்களை ஐ.எம்.ஓ. 2024 டிசம்பரில்தான் ஏற்றது. உலகக் கப்பல்களுக்கு ஆள் அனுப்பும் முன்னணி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சென்னையிலும் தூத்துக்குடியிலும் கடல்சார் பயிற்சி பெறும் மாணவர்கள் தம் பணிக்காலத்தில் டீசல் இயந்திரத்தோடு இவற்றில் இரண்டு மூன்று எரிபொருள்களையாவது கையாள வேண்டியிருக்கும்.